கண்ணால் சூடு பார்த்தால் போதுமா, மீட்டர் வேண்டுமா? ஓ.எச்.என்.எஸ். கம்பியைக் கடினமாக்குவது பற்றி

அச்சுமணல்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சிறிய கேஸ் உலை வைத்து அலுமினியம் வார்க்கிறேன். பழைய பிஸ்டன், அலாய் வீல் துண்டுகளை உருக்கி மணல் அச்சில் ஊற்றி, சின்ன லேத்தில் கடைந்து எடுப்பது வழக்கம். அந்த வேலைக்கு ஃபார்ம் டூல், டி-பிட், சென்டர் பஞ்ச் எல்லாம் நானே செய்துகொள்ள ஆசை. 12 மி.மீ. ஓ.எச்.என்.எஸ். (எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கும் டூல் உருக்கு) கம்பி வாங்கி வைத்திருக்கிறேன். கடைசல் வேலை பிரச்சினை இல்லை, கடினமாக்குவதில்தான் குழப்பம்.

இதைப் பற்றித் தேடினால் அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறைக்காரர்கள் எழுதியதுதான் அதிகம் கிடைக்கிறது. ஸ்பிரிங், ஸ்க்ரூ, ஸ்க்ரூ டிரைவர் நுனி என்று சிறு சிறு பாகங்களைக் கடினமாக்கி டெம்பர் செய்வதை (மிதமாகச் சூடுகாட்டி உடையும் குணத்தைக் குறைப்பதை) அவர்கள் விவரமாக எழுதுகிறார்கள். ஆனால் ஒருவர் "காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடேற்றி எண்ணெயில் போடு, போதும்" என்கிறார். அடுத்தவர் "வெப்பமானி இல்லாமல் தொடவே தொடாதே" என்கிறார். எனக்கு லேத் வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் நிறம் பார்த்தே எல்லாம் செய்கிறார்.

என் கேள்வி இரண்டு. வார்ப்பு உலையையே இதற்குப் பயன்படுத்தலாமா? மீட்டர் உண்மையிலேயே அவசியமா?

பழைய டர்னர்:

தம்பி, முதலில் அந்தப் பெரியவர் சொல்வதைக் கேளுங்கள். நாங்கள் வேலை பழகிய காலத்தில் பட்டறையில் மீட்டர் கிடையாது. பிளேனர் டூல், உளி, பஞ்ச் எல்லாம் கரி உலையில் வைத்துத் துருத்தி போட்டு, நிறம் பார்த்துத்தான் தோய்த்தோம். அவை வருடக்கணக்கில் வேலை செய்தன.

முறை இதுதான். உலையை நிழலில் வையுங்கள், வெயிலில் வேண்டாம். கம்பி மெதுவாகச் சூடேறட்டும். மங்கிய சிவப்பு வந்ததும் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். காந்தம் விட்டுப்போன பிறகு இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், நன்றாகச் சிவந்ததும் எண்ணெயில் நேராக இறக்கி மேலும் கீழுமாக ஆட்டுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். ஆறியதும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கத்திலிருந்து சூடு காட்டுங்கள். வைக்கோல் நிறம் நுனிக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள், கடைசல் டூலுக்கு அதுவே பதம். அடி வாங்கும் பஞ்ச்சுக்கு ஊதா வரை விடலாம்.

கண் பழகிவிட்டால் மீட்டர் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

தாதுமணி:

ஐயா சொன்ன முறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாதாரணக் கார்பன் உருக்கில் ஒரு பஞ்ச் செய்ய அது போதும். ஆனால் "கண் பழகிவிட்டால் மீட்டர் வேண்டாம்" என்ற இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன். அச்சுமணல் படித்துக்கொண்டிருக்கும் துப்பாக்கித் தொழிலிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அமெரிக்க ராணுவத்தின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி. மாசசூசெட்ஸில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியிலும் இல்லினாயில் இருந்த ராக் ஐலண்ட் ஆர்சனலிலும் செய்தார்கள். தோட்டா வெடிக்கும்போது அந்த அழுத்தத்தைத் தாங்கும் நடுப்பாகம்தான் ரிசீவர். கார்பன் குறைந்த உருக்கை அடித்து வடித்து, பிறகு மேற்பரப்புக்கு மட்டும் கார்பன் ஏற்றிக் கடினமாக்கினார்கள். மேலே தேயாத தோல், உள்ளே இழுத்தால் கொடுக்கும் உடம்பு என்பது திட்டம்.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய சமயத்தில், சில துப்பாக்கிகள் சுடும்போது ரிசீவர் சிதறியது. தலைப்பகுதி மென்மையாக இருந்த தோட்டா உறைகள் கிழிந்து வாயு பின்னால் பாய்ந்தது ஒரு காரணம். ஆனால் அப்படிப் பாய்ந்தாலும் நல்ல உருக்கு வளையும், வீங்கும். இந்த ரிசீவர்களோ துண்டு துண்டாக உடைந்தன. சிலவற்றைச் சுத்தியலால் தட்டினாலே உடைந்தன.

விசாரித்தபோது கிடைத்த விடையைத்தான் ஐயா கவனிக்க வேண்டும். ஃபோர்ஜ் பட்டறையில் சூட்டை அளந்தது அனுபவமிக்க தொழிலாளிகளின் கண். விசாரித்தவர்கள் பைரோமீட்டர் (உலைச் சூட்டை அளக்கும் கருவி) வைத்துச் சரிபார்த்தார்கள். மேகமூட்டமான நாளில் "சரியான சூடு" என்று அவர்கள் எடுத்ததற்கும், பளிச்சென்ற வெயில் நாளில் அதே "சரியான சூடு" என்று எடுத்ததற்கும் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வித்தியாசம் இருந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸ். வெளிச்சம் அதிகமாக இருந்தால் ஒளிரும் இரும்பு மங்கலாகத் தெரியும், கை தானாகவே இன்னும் கொஞ்சம் சூடேற்றும். தொழிலாளியின் திறமையில் குறை இல்லை, மனிதக் கண்ணே அப்படித்தான் வேலை செய்கிறது.

அதன்பின் பைரோமீட்டர் வைத்தார்கள், இரண்டு முறை சூடேற்றித் தோய்க்கும் இரட்டைச் சூட்டுமுறைக்கு மாறினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் 800,000 என்ற வரிசை எண்ணுக்கு மேலும், ராக் ஐலண்டில் 285,507-க்கு மேலும் வந்தவை புதிய முறையில் செய்யப்பட்டவை. அதற்குக் கீழே உள்ளவற்றை இன்றைக்கும் "குறைந்த எண்" துப்பாக்கி என்று தனியாகப் பிரித்து, சுட வேண்டாம் என்றுதான் அங்கே அறிவுறுத்துகிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள். பெரும்பாலானவை நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் எது வெயில் நாளில் செய்தது, எது மேகமூட்டத்தில் செய்தது என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க வழி இல்லை.

பழைய டர்னர்:

நல்ல தகவல். ஆனால் அது வேறு வேலை தம்பி. உயிரைக் காக்க வேண்டிய பாகத்தையும், உடைந்தால் இன்னொன்று கடைந்துகொள்ளும் பஞ்ச்சையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தவிர, நம் ஊரில் கொடுமணல் பக்கமெல்லாம் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே மூசையில் (உலோகம் உருக்கும் மண் குவளையில்) வைத்து உருக்கு செய்திருக்கிறார்கள். அவர்கள் என்ன பைரோமீட்டரா வைத்திருந்தார்கள்?

கொங்குக் கொல்லன்:

ஐயா, எங்கள் குடும்பமே உலை வேலைதான், அதனால் இதில் ஒரு வார்த்தை சொல்கிறேன். நம் மூசை உருக்கின் கதை நீங்கள் சொல்வதற்கு எதிர்ப்பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

அந்த உருக்கில் கார்பன் மிக அதிகம், ஒன்றரை சதவீதம் அளவுக்கு இருக்கும். கார்பன் ஏற ஏற உருக்கு தாங்கும் உச்சச் சூடு குறையும். இங்கிருந்து போன உருக்கட்டிகளை ஐரோப்பியக் கொல்லர்கள் வாங்கி, தங்கள் இரும்புக்குப் பழகிய வெண்சூட்டில் அடித்தார்கள், அது சம்மட்டியின் கீழே நொறுங்கிப்போனது. அவர்களும் கண் பழகிய கைகாரர்கள்தான். ஆனால் கண் பழகியது வேறு உலோகத்துக்கு. நம் ஆட்கள் குறைந்த சூட்டில் பொறுமையாக அடித்தார்கள், ஏனென்றால் வாழ்நாள் முழுக்க அந்த ஒரே பொருளைத்தான் கையாண்டார்கள். உலையும் அதே, கரியும் அதே, உட்காரும் நிழலும் அதே.

என் அப்பாவும் அரிவாளுக்கு நிறம் பார்த்துத்தான் தண்ணீர் காட்டுவார், தவறவே மாட்டார். ஆனால் லாரி பட்டையைத் தவிர வேறு உருக்கைக் கொடுத்தால் தொட மாட்டார். அது அவருக்குத் தெரிந்திருந்தது. அச்சுமணலுக்கு அப்படி ஒரே பொருள், ஒரே உலை என்ற வசதி இல்லையே. இன்றைக்கு ஓ.எச்.என்.எஸ்., நாளைக்கு பேரிங் வளையம், மறுநாள் யாரோ கொடுத்த பழைய ஷாஃப்ட்.

தாதுமணி:

கொல்லன் அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சூடு கூடிப்போவதில் இரண்டு நிலை உண்டு, பலர் அதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் நிலையில் உருக்கின் மணிகள், அதாவது உள்ளே இருக்கும் சிறு படிகங்கள், பெருத்துவிடும். அப்படியே தோய்த்தால் கடினம் வரும், கூடவே உடையும் குணமும் வரும். இதைச் சரிசெய்யலாம். மறுபடி சரியான சூட்டுக்குக் கொண்டுபோய்க் காற்றில் ஆறவிட்டு, ஓரிரு முறை அப்படிச் செய்தால் மணிகள் சிறுத்துவிடும்.

இரண்டாம் நிலையில் உருக்கு எரிந்துபோகிறது. மணிகளின் ஓரங்கள் உருக ஆரம்பித்து, அங்கே ஆக்சிஜன் புகுந்துவிடும். இதற்கு மருந்தே இல்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்பிரிங்ஃபீல்டிலும் பழைய ரிசீவர்களை மறுபடி சூட்டுமுறைக்கு உட்படுத்திப் பார்த்தார்கள், முழுக்க நம்பும்படி ஆக்க முடியவில்லை. கடைசியில் 1928-ல், பட்டறைக்குத் திரும்பி வருபவற்றை மறுபடி வழங்காமல் ஒதுக்கி வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள்.

அச்சுமணல்:

இவ்வளவு விவரத்தை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் மீட்டர் வாங்கிவிடுகிறேன். ஆனால் உலை? என் கேஸ் உலையில் அலுமினியம் சீக்கிரமே உருகிவிடும், பர்னரை முழுக்கத் திறந்தால் உள்சுவர் மஞ்சளாக ஒளிரும். ஓ.எச்.என்.எஸ்.ஸுக்கு 800 டிகிரி அளவில் போதும் என்று படித்தேன். அங்கே நிறுத்தி வைப்பது எப்படி?

கரிமூட்டம்:

நான் ஹீட் ட்ரீட்மென்ட் கடையில் வேலை பார்க்கிறேன், பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஓ.எச்.என்.எஸ். 790 முதல் 815 வரை. கேஸ் உலையில் சுடரின் வாயில் வைத்தால் ஒரு பக்கம் 950, மறுபக்கம் 750 என்று இருக்கும், அது உதவாது. ஒரு தடிமனான இரும்புக் குழாயை எடுத்து ஒரு முனையை வெல்டு வைத்து அடைத்து உலைக்குள் படுக்கப் போடுங்கள். கம்பி அந்தக் குழாய்க்குள் இருக்க வேண்டும். சுடர் குழாயைத்தான் தொடும், கம்பியைத் தொடாது. குழாய்க்குள் இரண்டு அடுப்புக்கரித் துண்டு போட்டு வாயை லேசாக மூடி வைத்தால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைக் கரி தின்றுவிடும். மேலே படிந்து உரியும் ஆக்சைடு செதில் குறையும், மேற்பரப்பில் கார்பன் இழப்பும் குறையும். அரம் போட்டால் மேலே மட்டும் மெத்தென்று இருக்கிறது, உள்ளே கடினமாக இருக்கிறது என்று புலம்புபவர்களுக்கெல்லாம் காரணம் இந்தக் கார்பன் இழப்புதான்.

மீட்டரோடு இணைக்கும் சூடு உணரிக்கு கே டைப் தெர்மோகப்பிள் போதும், செராமிக் உறை போட்டது. அதன் நுனி கம்பிக்குப் பக்கத்தில், குழாய்க்குள் இருக்க வேண்டும். உலைச் சுவரில் குத்தி வைத்துவிட்டு மீட்டர் 800 காட்டுகிறதே என்று நம்பினால் கண்ணால் பார்ப்பதை விட மோசம். பர்னரைக் குறைத்து, ஏறும் வேகத்தை நிதானமாக்குங்கள். சூடு வந்த பிறகு கம்பி முழுக்க ஊறுவதற்கு நேரம் கொடுங்கள். ஓர் அங்குலத் தடிமனுக்கு அரைமணி என்பது கடைக் கணக்கு, 12 மி.மீ.க்குக் கால்மணி சரியாக இருக்கும். காந்தம் விட்டதும் உடனே தோய்த்தால் போதும் என்பது சாதாரணக் கார்பன் உருக்குக்கு ஓரளவு பொருந்தும். இதில் மாங்கனீஸ், குரோமியம், டங்ஸ்டன் எல்லாம் இருப்பதால் கார்பைடுகள் கரைய நேரம் வேண்டும்.

காந்தம் விடுவது 770 டிகிரி அளவில். அதாவது காந்தம் கீழ்வரம்பைச் சொல்லும். மேல்வரம்பைச் சொல்லாது. 780-லும் ஒட்டாது, 1000-லும் ஒட்டாது.

எண்ணெய் விஷயத்தில் கவனம். சூரியகாந்தி எண்ணெய், கடலை எண்ணெய் எதுவும் ஆகும். 50, 60 டிகிரிக்குச் சூடுபடுத்தி வைத்தால் குளிர்ந்த எண்ணெயை விட நன்றாக இழுக்கும். பழைய எஞ்சின் ஆயில் வேண்டாம், புகை நுரையீரலுக்குக் கேடு. இரும்புப் பாத்திரம், அதற்குப் பொருந்தும் இரும்பு மூடி கட்டாயம். கம்பியைப் பாதி முக்கி நிறுத்தினால் எண்ணெய் மேற்பரப்பில் தீப்பிடிக்கும், முழுதாக உள்ளே போக வேண்டும். தீப்பிடித்தால் மூடியைப் போடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. கையால் தொடும் சூட்டுக்கு வந்தவுடன் டெம்பருக்கு வைத்துவிடுங்கள். நாளைக்குச் செய்யலாம் என்று இரவு மேசை மேல் வைத்தால், காலையில் விரிசலோடு கிடக்க வாய்ப்பு உண்டு.

டெம்பருக்கு வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பு அருமையாக உதவும். ஒரு தட்டில் மணலை நிரப்பி, கம்பியை அதில் புதைத்து, 200 டிகிரியில் ஒரு மணி நேரம். கடைசல் டூலுக்கு அது போதும், கடினம் 60 ராக்வெல் அளவில் நிற்கும். பஞ்ச்சின் அடிவாங்கும் பின்தலையை மட்டும் தனியாக நீலம் வரை கொண்டுபோய் மென்மையாக்கிவிடுங்கள், இல்லையென்றால் சிதறிக் கண்ணில் தெறிக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வைக்கோல் நிறம் என்பது மேலே படியும் ஆக்சைடு. அது சூட்டை மட்டுமல்ல, நேரத்தையும் பொறுத்தது. குரோமியம் கூடின உருக்கில் அதே சூட்டுக்கு நிறம் தாமதமாக வரும்.

அப்புறம், எம்.எஸ். (கார்பன் குறைந்த சாதாரண உருக்கு) கம்பியைக் கடினமாக்க சயனைடு உப்பு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். ஒரு துளி அமிலம் பட்டால் வரும் வாயு ஆளைக் கொல்லும். மேற்பரப்புக் கடினம் வேண்டுமென்றால் கரித்தூளோடு பெட்டியில் அடைத்து 900-க்கு மேல் சில மணி நேரம் வைக்கும் பழைய வழியே போதும்.

வால்வு ராக்கர்:

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் தாத்தா காலத்து உரிமம் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. உள்ளே ஒரு சிறு பாகம் தேய்ந்துவிட்டது. இதே முறையில் ஈ.என்.24 அலாய் உருக்கில் நானே செய்து மாட்டலாமா?

தாதுமணி:

வேண்டாம். இரண்டு காரணம். ஆயுதச் சட்டம் 1959-ன்படி துப்பாக்கியைச் செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும், வைத்திருக்கும் உரிமம் அதற்குச் செல்லாது. உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, மேலே சொன்ன கதை முழுக்க இதைப் பற்றியதுதான். ஆர்மரியே ஆயிரக்கணக்கில் செய்து, சோதித்து, அப்படியும் தவறிய வேலை அது. அங்கே தவறினால் உடைவது டூல் மட்டும் அல்ல, சுடுபவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் பாகம். சூட்டோடு தொடர்புள்ள எந்த வேலையும், வெல்டு வைப்பதோ டார்ச் காட்டுவதோ கூட, பழைய துப்பாக்கியில் செய்யாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் பதம் கெட்டுப்போகும்.

வால்வு ராக்கர்:

புரிந்தது. கடையில் கொடுத்துவிடுகிறேன். இன்னொன்று, அச்சுமணலுக்காகவே கேட்கிறேன், உருக்கையே வார்த்துவிட்டால் என்ன? வெளிநாட்டில் துப்பாக்கிப் பாகங்களையே வார்க்கிறார்களாமே?

கரிமூட்டம்:

வார்க்கிறார்கள். ரூகர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி மெழுகு அச்சு முறையில் உருக்குப் பாகங்கள் செய்வதில் பெயர் பெற்றது. நியூ ஹாம்ப்ஷையரில் அதற்கென்றே பைன் ட்ரீ காஸ்டிங்ஸ் என்ற வார்ப்பாலை வைத்திருக்கிறார்கள். ஆனால் வார்ப்போடு அந்த வேலை முடிவதில்லை. உள்ளே துளை, விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, அலாய் உருக்குக்குரிய சூட்டுமுறை கொடுத்த பிறகுதான் அது பாகமாகும். உருக்கு உருக 1500 டிகிரி சுற்றளவு வேண்டும். வீட்டுக் கேஸ் உலைக்கும் அலுமினியம் உருக்கும் மூசைக்கும் அது எளிதில் எட்டாது.

அச்சுமணலுக்குப் பயன்படும் சூட்டுமுறை வேறு ஒன்று உண்டு. அலாய் வீல் துண்டு என்றீர்களே, அது பெரும்பாலும் சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த அலுமினியம், எல்.எம்.25 வகை. அதில் வார்த்ததை 540 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்து, வெந்நீரில் போட்டு, பிறகு 160, 170 டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்தால் வலிமை நன்றாகக் கூடும். இங்கே தோய்த்தவுடன் அது மென்மையாக இருக்கும், வைக்க வைக்கத்தான் கடினமாகும். உருக்குக்கு நேர் எதிர். பிஸ்டன் துண்டை இதில் கலக்காதீர்கள், அதன் சிலிக்கான், செம்பு அளவெல்லாம் வேறு. 540-க்கு மேல் 15 டிகிரி கூடினாலும் வார்ப்பு கொப்பளிக்கலாம், ஆகவே இங்கேயும் மீட்டர் இல்லாமல் நடக்காது. அலுமினியம் அந்தச் சூட்டில் ஒளிர்வது கண்ணுக்கே தெரியாது.

பழைய டர்னர்:

ஆமாம், அலுமினியத்தில் கண்ணுக்கு வேலை இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். வெயில் விஷயமும் உண்மைதான். நாங்கள் உலையை எப்போதும் உள்ளறையில், இருட்டு மூலையில் வைத்ததன் காரணம் அதுதான். அந்த வழக்கத்தை ஆர்மரி பட்டறையில் கடைப்பிடிக்கவில்லை போலும்.

ஆனால் தம்பிக்கு ஒரு கேள்வி. மலிவான மீட்டர் பொய் சொன்னால்? 800 என்று காட்டும், உள்ளே 860 இருக்கும். மீட்டரை நம்பி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை எப்படிச் சரிபார்ப்பீர்கள்?

கொங்குக் கொல்லன்:

நல்ல கேள்வி ஐயா, அதற்கு வழி சமையலறையிலேயே இருக்கிறது. உப்பு உருகுவது 801 டிகிரியில், ஓ.எச்.என்.எஸ்.ஸுக்கு வேண்டிய அதே இடம். கல்லுப்பை வாணலியில் வறுத்து ஈரம் போக்கிப் பொடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெடித்துத் தெறிக்கும். ஒரு சிட்டிகையை ஒரு துண்டு இரும்பில் வைத்து, குழாய்க்குள் தெர்மோகப்பிள் பக்கத்தில் தள்ளுங்கள். உப்பு கண்ணாடியாக உருகும்போது மீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுத்தமான அலுமினிய மின்கம்பி ஒரு துண்டு 660-ல் உருகும், அது இன்னொரு புள்ளி. இரண்டிலும் மீட்டர் ஒத்துப்போனால் தைரியமாக நம்பலாம்.

தாதுமணி:

அருமை. அதோடு கடைசிச் சோதனை ஒன்றையும் செய்யுங்கள் அச்சுமணல். டூல் கடைவதற்கு முன்னால், அதே கம்பியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவில் ஹேக்ஸாவால் ஒரு வெட்டுப் போட்டு, டூலுக்குச் செய்யப்போகும் அதே சூடு, அதே நேரம், அதே எண்ணெய். டெம்பர் செய்யாமல் வைஸில் பிடித்து, துணி போர்த்தி, கண்ணாடி அணிந்து, சுத்தியலால் உடையுங்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள். பட்டுப்போல மழமழவென்று மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் சூடு சரி. சர்க்கரை போலப் பளிச்சென்று மின்னும் மணிகள் தெரிந்தால் சூடு கூடிவிட்டது, 20 டிகிரி குறைத்து இன்னொரு துண்டு உடையுங்கள். அரம் பிடித்து அது வழுக்காமல் கடித்தால் சூடு போதவில்லை, அல்லது மேலே கார்பன் போய்விட்டது. உடைந்த முகத்திலேயே அரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

அச்சுமணல்:

கம்பியில் ஒரு முழ நீளம் இருக்கிறது, சோதனைத் துண்டுகளுக்குத் தாராளம். குழாயை அடைத்து வெல்டு வைக்கச் சொல்லிவிட்டேன். தெர்மோகப்பிள் வந்ததும் முதலில் உப்பு, பிறகு உடைத்துப் பார்ப்பது. உடைந்த முகத்தைப் படம் எடுத்து இதே இழையில் போடுகிறேன், பழைய டர்னர் ஐயாவும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய டர்னர்:

போடுங்கள் தம்பி. படத்தை வெயிலில் வைத்து எடுக்காதீர்கள், ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் எடுங்கள். மணி அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.